மூன்று முறை ஊதிய சங்கு: கோத்தகிரியில் டிவி நிகழ்ச்சிக்குக் கைதட்டப் போன கதை

மருமக்களே, இப்போது நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பமாட்டீர்கள். வலது கையை நெஞ்சில் வைத்து, இடது கையில் காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு இதை உறுதியாகச் சொல்கிறேன். பெற்ற மகளே நம்பவில்லை. எதிர்வீட்டு வக்கீல் நம்பவில்லை. தொழில் காரணமாக எதையும் நம்பிவிடக்கூடிய மனிதர் அவர். ஆகவே நம்ப வேண்டியதில்லை, படித்தால் போதும். கோத்தகிரிப் பக்கம் படப்பிடிப்பு பார்க்கப் போகிறவர்களுக்குச் சில உபயோகமான தகவல்களும் நடுநடுவே கிடைக்கும்.

போன மார்கழி. என் மனைவி சரோஜா 'சட்டுபுட்டுன்னு சொல்லுங்க' என்கிற டிவி போட்டி நிகழ்ச்சியின் பரம பக்தை. ஞாயிறு இரவு அந்த நிகழ்ச்சி ஓடும்போது எங்கள் வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்கப் பயப்படும். போட்டியாளர் வாயைத் திறப்பதற்குள் சரோஜா பதிலைச் சொல்லிவிடுவாள். இந்தக் கணக்குப்படி எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தபடியே அவள் இதுவரை பதினேழு கார், எழுபது குளிர்சாதனப் பெட்டி, ஒரு சிங்கப்பூர்ப் பயணம் எல்லாம் ஜெயித்திருக்கிறாள். வீட்டில் வைக்க இடமில்லை.

அந்த நிகழ்ச்சி நீலகிரி மலைக்கே வந்து ஒரு சிறப்புப் பகுதி எடுக்கிறது, பார்வையாளர்கள் தேவை என்று அறிவித்தார்கள். சரோஜா எனக்குத் தெரியாமல் வாட்ஸ்அப்பில் பேர் கொடுத்துவிட்டாள். இரண்டு பேருக்கு அனுமதியும் வந்துவிட்டது. சந்தோஷமான செய்திதான். ஒரே ஒரு சிக்கல். அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் அவளுக்கு வலது முழங்காலில் செயற்கை மூட்டு வைத்திருந்தார்கள். கைத்தடி இல்லாமல் நடக்கக் கூடாது.

எங்கள் மகள் காயத்ரி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அப்பா, சிரிக்காம கேளுங்க. அம்மா ஒருக்கா மடங்கி உளுந்தாக்கூடத் திரும்ப ஆப்பரேசன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. இன்னொருக்கா அம்மா ஒடம்பு தாங்காது. உங்கள நம்பித்தான் அனுப்பறேன்."

"நானிருக்க பயமேன்?" என்று மீசையைத் தடவினேன். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு வந்த பயம், திருப்பூரிலிருந்து கோத்தகிரிவரை ஒரு முழு டிக்கெட் எடுத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

போகும் வழி. திருப்பூரிலிருந்து அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் சுமார் அறுபது கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறினோம். எட்டு மணிக்குள் இறங்கிவிட்டோம். அங்கிருந்து கோத்தகிரி முப்பத்துமூன்று கிலோமீட்டர். பேருந்துகள் நிறைய உண்டு, ஆனால் முழங்காலை உத்தேசித்து வாடகைக் கார். போக, வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசினோம். நீலகிரிப் பதிவெண் வண்டி என்பதால் இ-பாஸ் தொல்லை இல்லை. சொந்த வண்டியில் போகிறவர்கள் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பிடுங்கிவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் உத்தமம்.

ஓட்டுநர் பெயர் போஜன். படுகர் சமூகத்துப் பிள்ளை, கோத்தகிரி பக்கத்து ஊர். ஒரு வளைவுக்கும் இன்னொரு வளைவுக்கும் நடுவில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மப்ளரைச் சரிசெய்துகொள்ளும் பழக்கம் உள்ளவர். ஒவ்வொரு வளைவிலும் என் உயிர் தனியாக இறங்கி, மேட்டுப்பாளையம் போய் ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த வளைவில் வந்து ஏறிக்கொண்டது.

"ஏனுங்க தம்பி, இந்தப் பக்கம் மிருகம் கிருகம் வருமுங்களா?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"வராது சார்."

அப்பாடா என்று சாய்ந்தேன்.

"அது இங்கயேதான் இருக்கு. நாமதான் வர்றோம்."

பின்சீட்டில் சரோஜா கைத்தடியால் என் தோளைத் தட்டினாள். "சும்மா வாங்களேனுங்க. கேட்டுக் கேட்டு வரவெச்சுப் போடுவீங்க."

போஜன் கேட்காமலேயே தொடர்ந்தார். கரடி என்றால் எண்ணெய் வாசனைக்கு வரும், வந்து குடித்துவிட்டுப் போய்விடும். சிறுத்தை நாய்க்கு வரும். "காட்டெருமதான் சார் பேஜாரு. பாத்தா பசு மாதிரி நிக்கும். மெரண்டுச்சுன்னா ஜீப்பையே பொரட்டிடும். பனியில நிக்கிறதே தெரியாது." அதன்பிறகு சாலையோரம் இருந்த ஒவ்வொரு பாறையும் எனக்குக் கொம்போடு தெரிந்தது.

கோத்தகிரியிலிருந்து ஒன்பது கிலோமீட்டரில் ஓர் எஸ்டேட். பழைய தேயிலை ஃபேக்டரி கட்டடம் ஒன்றை மூடி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே புது ஃபேக்டரி ஓடுகிறது. அந்தப் பழைய கட்டடத்துக்குள்தான் செட் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்தால் ஒரு பக்கம் நூறு வருஷத்துத் தேயிலைத்தூள் வாசனை, இன்னொரு பக்கம் பச்சையும் ஊதாவுமாகக் கண்ணைக் குத்தும் விளக்குகள். பார்வையாளர்கள் உட்கார இரும்புக் குழாயும் பலகையும் வைத்துப் படிப்படியாக மேடை கட்டியிருந்தார்கள். எங்களைப்போலச் சமவெளியிலிருந்து வந்தவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். மற்ற இருநூறு பேரும் அந்த எஸ்டேட் ஆட்களே. அன்றைக்கு லீவு கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள்.

படப்பிடிப்புக்குப் பார்வையாளராகப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் செல்போனை வாங்கி உறையில் போட்டு டோக்கன் கொடுத்துவிடுவார்கள். அடுத்தது சட்டை. வெள்ளைச் சட்டை போட்டுப் போகாதீர்கள். காதில் கருவி மாட்டிய ஒரு சென்னைப் பெண், வயது இருபத்தைந்து இருக்கும், பிறவியிலேயே அவசரமாகப் பிறந்தவள் போலிருந்தாள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அங்கிள், ஒயிட் ஷர்ட்டா? கேமராவுல பளீர்னு அடிக்கும். மேல, லாஸ்ட் ரோ. ஆன்ட்டி, உங்க க்ரீன் சாரி சூப்பர். ஃபர்ஸ்ட் ரோ, சென்டர்."

"அம்மணி, இவளுக்குக் கால்ல ஆப்பரேசன். நானும் பக்கத்துல..."

"ஆன்ட்டிய நான் பாத்துக்கறேன் அங்கிள். போங்க, போங்க, லைட் ஓடுது."

முதல் வரிசைக்கு மட்டும் பலகைக்குப் பதில் நாற்காலி. கிளிப்பச்சைப் புடவையில் சரோஜா அதில் மகாராணியாக அமர்ந்தாள். நான் பதினோராவது வரிசையில், கூரைத் தகரத்துக்கு அடியில், வௌவாலுக்கு உறவினனாக அமர்ந்தேன். எங்கள் முப்பத்துநாலு வருஷ மணவாழ்க்கையில் இவ்வளவு தூரத்தில் நாங்கள் உட்கார்ந்ததில்லை. அவள் உச்சந்தலை ஒரு கடுகளவு தெரிந்தது.

என் பக்கத்தில் ஒரு மனிதர். குரங்குக் குல்லா, கம்பளிக் கோட்டு, வாயில் வெற்றிலை. பெயர் செல்லையா. இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சிறுவயதில் கப்பலேறி இங்கே வந்த குடும்பம். ஃபேக்டரியில் எஞ்சின் பக்கம் வேலை.

"ஐயா எங்கருந்து?"

"திருப்பூருங்க."

"ஆ, பனியன் ஊரு. அதுல ரெண்டு போட்டுக்கிட்டு வந்திருக்கலாமே. நடுக்கம் இங்க வரைக்கும் பலகைய ஆட்டுது."

"குளிரு இல்லீங்க. அதா, முன்னால பச்சச் சேல. நம்ம சம்சாரம். கால் மடங்குச்சுன்னா..." என்று முழங்கால் கதையைச் சொன்னேன். செல்லையா எட்டிப் பார்த்தார். "அந்தம்மா நல்லாத்தான் இருக்கு. ஐயாவுக்குத்தான் மருந்து வேணும்" என்றார்.

பதினோரு மணிக்கு ஆரம்பிப்பதாகச் சொன்னது ஒரு மணிக்குத்தான் ஆரம்பித்தது. அதுவரை கைதட்டப் பழக்கினார்கள். யாருமே இல்லாத மேடையைப் பார்த்துக் கைதட்ட வேண்டும். பிறகு ஆச்சரியப்பட வேண்டும். பிறகு சிரிக்க வேண்டும். அந்த அவசரப் பெண் முன்னால் நின்று, "சிரிங்க! இன்னும் சிரிங்க! சோகமா முகத்தத் தொங்கப் போடுங்க!" என்று கையை ஆட்டினாள். நேரம் முடிந்தால் ஒரு சத்தம் வரும், அப்போது எல்லோரும் 'அய்யோ' என்று உச்சுக்கொட்ட வேண்டும். ஒத்திகையில் அந்தச் சத்தத்தை அவள் வாயாலேயே 'டொய்ங்' என்று போட்டுக் காட்டினாள். நாங்களும் உச்சுக்கொட்டினோம்.

தொகுப்பாளர் வந்தார். உடம்பு முழுக்கக் கண்ணாடிச் சில்லு பதித்த கோட்டு. டிவியில் பார்ப்பதைவிட ஒல்லி. கூடலூரிலிருந்து ஒரு தம்பதி போட்டியாளர்கள். கேள்விகள் தொடங்கின. மூன்றாவது கேள்விக்கே முதல் வரிசையிலிருந்து "பெருங்காயம்!" என்று ஒரு குரல் கூடத்தை நிறைத்தது. தொகுப்பாளர் திரும்பி, கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மா, நீங்க சொன்னா பரிச நாங்க உங்களுக்குல்ல குடுக்கணும்" என்றார். சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. செல்லையாவிடம், "அது நாம சொல்லிக் குடுத்ததுங்க" என்றேன். அவர் நம்பவில்லை.

மூன்றரை மணி இருக்கும். வெளியே பனி இறங்கி, உயரத்திலிருந்த ஜன்னல்களில் பால் ஊற்றியது போலாகிவிட்டது. கடைசிச் சுற்று. கூடலூர்ப் பெண் தொண்ணூறு நொடியில் பத்துப் பதில் சொல்ல வேண்டும். எட்டாவதில் திணறினாள். நேரம் முடிந்தது. 'டொய்ங்' வரும் என்று உதட்டைக் குவித்து வைத்திருந்தேன்.

வந்தது சங்கு. ஒரு நிஜமான சைரன் சங்கு, அடிவயிற்றிலிருந்து எழும்பி, நின்று, மறுபடி எழும்பி, நின்று, மூன்றாவது முறை எழும்பி நின்றது.

ஒருவரும் உச்சுக்கொட்டவில்லை. இருநூறு பேரும் எழுந்து நின்றார்கள். மருமக்களே, இரைச்சலோடு ஒரு கூட்டம் எழுந்தால் பயமில்லை. இது ஒரு சத்தமும் இல்லாமல் எழுந்தது. செருப்புச் சத்தம்கூட இல்லை. பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகினார்கள். ஒருவர் தோளை ஒருவர் தொட்டுக்கொண்டு வரிசை வரிசையாகப் பலகை இறங்கிப் பக்கவாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். தொகுப்பாளர் புன்னகை மாறாமல் கைதட்டிக்கொண்டிருந்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் போகிற போக்கில் பழைய மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தார். ஊதாவும் பச்சையும் செத்தன. மைக்கும் செத்தது.

இருட்டு.

நான் வாயைத் திறந்தேன். செல்லையாவின் கை என் வாயில் வந்து அடைத்தது. வெற்றிலை வாசனை.

"பேசப்படாது," என்று காதோடு சொன்னார். "ஒருக்கா ஊதினா வேல. மூணு தரம் விட்டு விட்டு ஊதினா காட்டெரும ஃபேக்டரிப் பக்கம் எறங்கிருச்சுன்னு அர்த்தம். சத்தம் கேட்டா மெரளும், மெரண்டா எந்தப் பக்கம் பாயும்னு தெரியாது. பேசாம மேல கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் போயிரணும். சொவுத்துக்குள்ள நின்னுக்கலாம்."

"சுவிட்சு எதுக்குங்க?"

"ஆளில்லாம மெசினு ஓடப்படாது. கிட்ட நிக்கிறவன் அமத்திட்டுத்தான் போகணும். எந்தக் காலத்துலயும் அதான். நடங்க."

நான் எப்படிப் பதினோரு வரிசை இறங்கினேன் என்று தெரியவில்லை. நடந்து இறங்கியதாக நினைவில்லை, பறந்திருக்கலாம். முதல் வரிசைக்கு வந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் நடு நாற்காலியில் ஆளில்லை. கைத்தடி மட்டும் நாற்காலியின் கையில் சாய்ந்து நின்றது.

தடியை எடுத்துக்கொண்டேன். கூட்டத்தோடு இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள், அந்த மேட்டில், தடி இல்லாமல், அந்தக் காலோடு. பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்று மூச்சை இழுத்தேன். செல்லையா மறுபடி தலையாட்டினார். கூப்பிட்டால் மிருகம் மிரளும். மிரண்டு பாய்ந்தால் ஓட முடியாத ஆள் இந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

வெளியே வந்தால் பனி. கையை நீட்டினால் முழங்கைக்கு அப்பால் கை இல்லை. முன்னால் போகிறவரின் கம்பளியைப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். பாதி வழியில் வலப்பக்கம் ஒரு கறுப்பு உருவம். மலையளவு. சும்மா சொல்லவில்லை, தொட்டபெட்டாவைப் பெயர்த்து வைத்தது போல. அது 'ஹுர்ர்ர்' என்று மூச்சு விட்டது. வெதுவெதுப்பான காற்று என் கன்னத்தில் பட்டது. நான் அப்படியே உறைந்து, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டேன். செல்லையா என் பின்கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். அது தார்ப்பாய் போட்ட ஜெனரேட்டர் வண்டி. டிவிக்காரர்களுடையது.

கொட்டகை கல்சுவரும் தகரக் கூரையும். கொழுந்து நிறுக்கிற தராசு நடுவில் தொங்கியது. எல்லோரும் நெருக்கி நின்றார்கள். ஒவ்வொரு லயத்துக்கும், அதாவது ஒவ்வொரு வரிசை வீட்டுக்கும் ஒரு பெண் தலை எண்ணினாள். வாயால் அல்ல, தோளைத் தட்டித் தட்டி. நான் பச்சைப் புடவையைத் தேடினேன். அரக்கு, மஞ்சள், நீலம் எல்லாம் இருந்தன. பச்சை இல்லை.

ஒரு பெண்ணிடம் கைத்தடியைக் காட்டி, என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். அவள் புரிந்துகொண்டு கிசுகிசுத்தாள்.

"அந்த அக்காவா? ஏற முடியாதேன்னு மேடைக்குப் பின்னாடி தூண் மறைவுல உக்கார வெச்சிட்டு வந்தேன் ஐயா. சத்தம் போடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

அப்படியானால் சரோஜா உள்ளேயே இருக்கிறாள். நான் அவளைத் தாண்டி வெளியே வந்திருக்கிறேன். அந்தக் கூடத்தின் கதவு திறந்து கிடக்கிறது. மிருகம் ஃபேக்டரிப் பக்கம்தான் இருக்கிறது.

நான் திரும்பினேன். செல்லையா குறுக்கே நின்றார். "ஐயா, இப்ப எறங்கப்படாது. அது போனதும் ஒருக்கா ஊதுவாங்க. அப்புறம் போகலாம்."

"அது போற வரைக்கும் அவ தனியா இருப்பாளுங்க."

"நீங்க போயி என்னத்தப் பண்ணுவீங்க? ஜெனரேட்டரக் கும்பிட்ட ஆளு."

"கும்பிட்டுக்கிட்டே போறனுங்க."

அவர் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இறங்க ஆரம்பித்தார்.

அந்த இறக்கத்தைப் பற்றி எழுத எனக்குத் தமிழ் போதாது. தேயிலைச் செடி ஒவ்வொன்றும் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "எங்கே போகிறாய்?" என்று கேட்டது. என் இதயம் அடித்த சத்தம் குன்னூர்வரை கேட்டிருக்கும். அங்கே பள்ளிக்கூடத்தில் பீரியட் முடிந்துவிட்டதென்று பிள்ளைகள் எழுந்திருப்பார்கள். பாதி தூரம் வந்தோம். செல்லையா சட்டென்று நின்றார்.

கீழே பனிக்குள் ஏதோ மின்னியது. ஒரு கண். இரண்டு கண். பிறகு பத்து, ஐம்பது, நூறு கண்கள், எல்லாம் ஒரே உடம்பில். அது ஆடி ஆடி ஏறிவந்தது. மூச்சிரைத்தது. நடுநடுவே முனகியது. போஜன் சொன்ன பட்டியலில் இப்படி ஒரு மிருகம் இல்லை. செல்லையாவின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. அவருக்கும் நடுக்கம். பலகை இருந்தால் அவரும் ஆட்டியிருப்பார்.

நான் கைத்தடியை ஓங்கினேன்.

"ஏனுங்க!" என்று அந்த மிருகம் மெல்லக் கூப்பிட்டது. "ஏனுங்க, நீங்கதானுங்களா?"

சரோஜா. அவள் இடது கை தொகுப்பாளரின் கழுத்தைச் சுற்றியிருந்தது. கண்ணாடிச் சில்லுக் கோட்டு மின்ன, அவர் அவளைத் தாங்கிக்கொண்டு, தாங்குகிறாரா தொங்குகிறாரா என்று சொல்ல முடியாத நிலையில், வாய்க்குள் ஏதோ சாமி பெயரைச் சொல்லியபடி வந்தார். முனகல் அவருடையது.

"உன்னய உள்ளதான் உக்காரச் சொன்னாங்கல்ல! ஏம்புள்ள வெளிய வந்தே?" என்றேன்.

"நீங்க அந்தக் கதவு வழியா வெளிய போறதப் பாத்தனுங்க. தடியத் தூக்கிக்கிட்டுப் போறீங்க. கூப்படலாம்னா சத்தம் போடக் கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லிட்டுப் போயிருக்குது. மிருகம் வெளிய இருக்குதுங்கறாங்க, நீங்க பாட்டுக்குப் போறீங்க..." என் சட்டையின் முன்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

தொகுப்பாளர் தணிந்த குரலில், "சார், நான் வேணாம்னுதான் சொன்னேன். அம்மா கேக்கல. கதவு மறைவுல ஒளிஞ்சிட்டிருந்தேன், கையப் புடிச்சு இழுத்துட்டாங்க" என்றார்.

"தடிதான் இல்லீங்களே," என்றாள் சரோஜா. "கைக்குக் கெடச்சது இவருதான்."

அவளைக் கீழே உட்காரவைத்துக் காலைத் தொட்டுப் பார்த்தேன். முழங்கால் பயத்தில் துடித்துக்கொண்டிருந்தது. எது அவள் கால் நடுக்கம், எது என் கை நடுக்கம் என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் மடங்கவில்லை. விழவில்லை. செல்லையா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தூக்காத குறையாக அவளைக் கொட்டகைக்கு ஏற்றினோம். தொகுப்பாளரைப் பெண்கள் நடுவில் இழுத்து நிறுத்திக்கொண்டார்கள். ஒரு பாட்டம் அழுதார், பாவம்.

கொஞ்ச நேரத்தில் புது ஃபேக்டரியின் வாட்ச்மேன் டார்ச் லைட்டோடு ஏறிவந்தார்.

"எல்லாரும் இங்க என்னத்த பண்றீங்க?"

"மூணு தரம் ஊதினியேப்பா" என்றார் செல்லையா.

"நானா? நான் ரூம்ல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருந்தேன். சங்கு உள்ளயிருந்துல்ல வந்துச்சு. டிவிக்காரங்க வெச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. நேரம் முடிந்ததற்கு அடையாளமாக அவர்கள் பதிவுசெய்து வைத்திருந்த ஒலி அது. சென்னையில் அதற்கு 'அய்யோ' என்று அர்த்தம். இந்த மலையில் அதற்கு வேறு அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒத்திகையில் வாயால் 'டொய்ங்' போட்டதால் இவர்களுக்கும் தெரியவில்லை. முதலில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு அந்தக் கொட்டகை அதிர்ந்த அதிர்வில் தராசு முள் தானாக நாற்பது கிலோ காட்டியது. இப்போதுதான் உண்மையாகக் காட்டெருமை இருந்தால் ஓடியிருக்கும்.

ஐந்து மணிக்கு மறுபடி எல்லோரும் இறங்கி அதே இடத்தில் உட்கார்ந்து கடைசிச் சுற்றை எடுத்தார்கள். சங்குக்குப் பதில் கோயில் மணி. அவசரப் பெண் என்னை மேல் வரிசைக்குப் போகச் சொன்னாள். செல்லையா அவளிடம், "அம்மா, அந்த ஐயாவ அந்தம்மா பக்கத்துல உக்கார வையி. இல்லாட்டி ரெண்டு பேரும் மறுபடி ஒருத்தர ஒருத்தர் தேடக் கெளம்பிருவாங்க" என்றார். கேமராவில் படாமல் நாற்காலிக்குக் கீழே, தரையில் எனக்கு இடம் கிடைத்தது.

ஏழு மணிக்குக் கிளம்பி, திருப்பூர் வந்து சேர இரவு பதினொன்றாகிவிட்டது. மறுநாள் டாக்டர் பார்த்து, லேசான வீக்கம்தான், ஐஸ் வையுங்கள் என்றார். காயத்ரி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அம்மாவோடும் பேசவில்லை.

போன மாதம் நிகழ்ச்சி ஒளிபரப்பானது. கூடலூர்த் தம்பதி ஜெயிக்கும் இடத்தில், இருநூறு பேர் ஒரே நேரத்தில் அமைதியாக எழுந்து நிற்பதைக் காட்டி, 'நெகிழ்ச்சியில் அரங்கமே எழுந்து நின்ற தருணம்' என்று எழுத்துப் போட்டார்கள். பின்னணியில் வயலின் வேறு.

போக நினைப்பவர்களுக்கு: அனுமதி இலவசம், மதியம் தக்காளி சாதப் பொட்டலம் தருவார்கள், கழிப்பறை வெளியே தள்ளி இருக்கும். கலர் சட்டை போடுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம். சொன்ன நேரத்தோடு நான்கு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மாலை பனி இறங்கிவிடும், அதனால் மலை தெரிந்த ஓட்டுநராகப் பாருங்கள். அவரிடம் மிருகங்களைப் பற்றிக் கேட்காதீர்கள். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே சங்கு எத்தனை முறை ஊதினால் என்ன அர்த்தம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட வந்தவரைப் பிரித்து உட்கார வைத்தால் சண்டை போடுங்கள். பயந்து நடுங்கினாலும் பரவாயில்லை, பக்கத்தில் நடுங்குவது நல்லது.

சரி, இதில் எவ்வளவு நிஜம் என்று கேட்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். பனியில் இருபதடி நன்றாகவே தெரிந்தது. ஜெனரேட்டரை நான் கும்பிடவில்லை, கும்பிடலாமா என்று யோசித்தேன், அவ்வளவுதான். தராசு முள் அசையவில்லை. தொகுப்பாளர் அழவில்லை, அவருக்கு ஜலதோஷம். ஒரே ஒரு சின்னப் பகுதி மட்டும் நடந்தது நடந்தபடி. வெளியே மிருகம் நிற்கிறதென்று முழுக்க நம்பிக்கொண்டு, தடி இல்லாமல், அந்தக் காலோடு, சரோஜா என்னைத் தேடி வந்தாள். அதை மட்டும் நான் ஓர் அங்குலம்கூட நீட்டவில்லை.